சேவலின் பேச்சைப் பேசிய ஆமை

பள்ளக்காடு என்றொரு காடு. பக்கத்தில் ஓடும் ஆறு மேலே, காடு கீழே. நடுவே ஒரு மண்கரை. அந்தக் கரை நிற்கும்வரைதான் அங்கே முயலும் எலியும் உடும்பும் பிழைக்க முடியும்.

கரைக்கு எதிரி நண்டு. விட்டால் குடைந்து குடைந்து சல்லடையாக்கிவிடும். அந்த நண்டுகளைக் கொத்தித் தின்றவை நாரைகள். எங்கிருந்தோ வந்து கரையோர மரங்களில் கூடு கட்டித் தங்கிவிட்டவை. அவை மீனும் தின்றன, அதை மறைப்பானேன்? ஆனால் வயிறு நிறைந்தது நண்டால்தான்.

பள்ளக்காட்டில் ராஜா கிடையாது, தேர்தல்தான். அவரவர் தமக்குப் பிடித்த தலைவர் முன்னால் ஒரு கூழாங்கல்லைப் போடுவார்கள். கட்சிகளுக்கோ குறைவே இல்லை. முயல்களுக்கு ஒன்று, உடும்புகளுக்கு ஒன்று, பகலில் தூங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று! அதனால் யாருக்கும் தனித்து ஆளும் பலம் கிடைத்ததே இல்லை. பலர் கூடிப் பேசி, விட்டுக்கொடுத்து, சேர்ந்துதான் ஆள வேண்டும். பேச்சு மாதக்கணக்கில் இழுக்கும், கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். ஆனாலும் கரை நின்றது. பல காலமாக அந்தக் கூட்டத்துக்கு ஆமைதான் தலைவர்.

ஒரு சமயம் மழை பொய்த்தது. காட்டுக் குளம் வற்றி, மீன் அருகிப் போனது. அப்போதுதான் ஒரு சேவல் தனிக்கட்சி கட்டிக்கொண்டு, அங்கிருந்த கறையான் புற்றின் மேல் ஏறியது.

“மீன் எங்க போச்சு? நாரை வயித்துக்குள்ள போச்சு! நாரையை விரட்டு, நம்ம காடு நமக்கு!”

அவ்வளவுதான் பேச்சு. தினமும் விடிந்ததும் அதே பேச்சு. முயல் கட்சி தன் திட்டத்தை விளக்க ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டது. சேவல் ஒரே கூவலில் முடித்தது.

“மழை இல்லாம குளம் வத்திருச்சு, அதான் மீன் இல்ல” என்றது ஒரு முயல்.

“பாத்தீங்களா, நாரைக்கு வக்காலத்து!” என்று சேவல் கூவியது. கூட்டம் சிரித்தது. முயல் புதருக்குள் நழுவியது.

சேவலோடு சேர்ந்து ஆளமாட்டோம் என்று மற்றக் கட்சிகள் எல்லாம் சத்தியம் செய்தன. முதலில் செய்தது ஆமை. ஆனால் நாளுக்கு நாள் புற்றைச் சுற்றிக் கூட்டம் பெருகியது. தன் பக்கம் எத்தனை பேர் மிச்சம் என்று ஆமை எண்ணிப் பார்த்தது. அதற்கு யோசனை சொல்ல ஓர் ஓணான் இருந்தது.

“அண்ணே, சேவல் சொல்றதையே நாமளும் கொஞ்சம் மரியாதையா சொல்லிட்டா என்ன? போனவங்க திரும்பி வந்துருவாங்க!”

“நாரை போனா கரை என்ன ஆகும்?”

“நிஜமாவா அனுப்பப் போறோம்? சும்மா சொல்றதுதானே! ஜெயிச்சதும் பாத்துக்கலாம்.”

மறுநாள் ஆமை தொண்டையைச் செருமிக்கொண்டது. “நாரைங்க கொஞ்சம் அதிகமாயிட்டாங்கன்னு எனக்கும் தோணுது” என்றது.

கரைக்கு நேர் கீழே வளை வைத்திருந்த வெள்ளெலி பதறி ஓடி வந்தது. அதன் குட்டிகள் இன்னும் கண்ணே திறக்கவில்லை.

“அண்ணே, நாரைங்கதான் நம்ம காவல்னு நேத்து வரைக்கும் நீங்கதானே சொன்னீங்க? நான் எங்கயாவது மேட்டுக்குப் போயிரட்டுமா?”

“இது தேர்தல் நேரம்மா! ஒண்ணும் ஆகாது, பயப்படாம இரு.”

வெள்ளெலி நம்பியது, பாவம்.

காடும் நம்பியது, ஆனால் வேறு விதமாக. “ஆமையே சொல்லுதுன்னா உண்மையாத்தான் இருக்கும்! அதை முதல்ல சொன்னது சேவல்தானே?” என்று பேசிக்கொண்டார்கள். தேர்தல் நாளில் சேவலின் முன்னால்தான் கல் அதிகம் குவிந்தது. அப்போதும் தனித்து ஆளப் போதவில்லை. சேவல் நேரே ஆமையிடம் வந்தது.

“வாங்கண்ணே, சேர்ந்து ஆளலாம்!”

“மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“ஏன்? நான் சொன்னதைத்தானே நீங்களும் சொன்னீங்க? இல்ல, ஊரை ஏமாத்தறதுக்காகச் சொன்னீங்களா?”

காடே வேடிக்கை பார்த்தது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. வெளியே நீட்டியபோது சரி என்று ஆட்டியது.

நாரைகளின் கூடுகள் பிய்த்து எறியப்பட்டன. அவை கூட்டமாகப் பறந்து போயின. மீன் திரும்பி வரவில்லை. நண்டு கொழுத்தது.

“வளைக்குள்ள ஈரம் கசியுது!” என்று வெள்ளெலி வந்து அழுதது. ஆமை கவலையோடு சேவலைப் பார்த்தது.

“கரையில ஓட்டையா? போற போக்குல நாரைங்க போட்டதுதான்!” என்றது சேவல். கூட்டம் கை தட்டியது.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. ஆறு நிரம்பியது. ஒரு காலையில் கரை உடைந்து, ஆறு காட்டுக்குள் இறங்கியது. சேவல் கிளைக்குப் பறந்தது. ஆமை நீந்தியது. வெள்ளெலி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. மற்றவற்றுக்காகத் திரும்பி வந்தபோது வளை இருந்த இடத்தில் தண்ணீர்தான் சுழன்றது. அதன் அருகே ஆமை மிதந்துகொண்டிருந்தது.

“நீங்க சொன்னீங்கன்னுதானே அண்ணே நான் இங்கயே இருந்தேன்?”

ஆமை மறுபடியும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. மேலே கிளையிலிருந்து சேவல் கூவியது: “எல்லாம் நாரையால வந்த வினை!” பக்கத்துக் கிளைகளில் தொற்றிக்கொண்டிருந்த சிலர் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

பொய்யென்று தெரிந்தும் பதவிக்காக அதைத் திருப்பிச் சொல்கிற நல்லவர், அதைக் கிளப்பிவிட்டவரைவிடப் பெரிய கேடு செய்கிறார். ஏனென்றால், அவர் சொன்ன பிறகுதான் ஊர் அதை நம்புகிறது.