பேழையின் கதவைச் சாத்துவது யார்

“கதவை யார் சாத்துவது?” என்று கேட்டார் பரஞ்சோதி.

நட்சத்திரம்மாள் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கொள்ளில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“எந்தக் கதவை?”

“பேழைக் கதவை.”

“அது சாத்தி ரொம்பக் காலமாச்சே.”

“என் படத்துல இன்னும் சாத்தலம்மா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சாத்தியாகணும்.”

பரஞ்சோதிக்கு அறுபத்திரண்டு வயது. அந்த அம்மாளுக்கு ஐம்பது. மூத்தவர் சீடர், இளையவர் குரு. அதில் அவருக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேறு காரணங்கள் நிறைய இருந்தன.

ஒரு காலத்தில் தெருமுனையில் நின்று பேசியவர் அவர். துண்டறிக்கை எழுதி, தானே அச்சுக் கோத்து, தானே பசை காய்ச்சி ஒட்டியவர். மூன்று முறை சிறை. பிறகு சினிமா. பதினோரு படங்கள். ஒவ்வொன்றிலும் இடைவேளைக்கு முன்னால் கதாநாயகன் பூட்டிய கதவு ஒன்றை எட்டி உதைப்பான். கதவு பிளக்கும். ஏழைகள் உள்ளே போவார்கள். கொட்டகையில் விசில் பறக்கும். விசில் அடித்தவர்கள் வெளியே வந்து, பூட்டிய கதவுகளுக்கு முன்னால் பழையபடி வரிசையில் நிற்பார்கள்.

பன்னிரண்டாவது படத்தில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். அதற்காகத்தான் கிறிஸ்தவ வேதத்துப் பெருவெள்ளக் கதையை எடுத்தார். வானம் உடைந்து உலகம் முழுகும் கதை. நோவா பேழை என்கிற பெரிய மரக்கலத்தைக் கட்டுகிறார். எட்டுப் பேரும் மிருகங்களும் ஏறிக்கொள்கிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. மற்ற எல்லோரும் வெளியே.

அந்த இடத்தில்தான் படம் ஆறு நாளாக நின்றுபோயிருந்தது.

“நோவா சாத்தட்டுமே” என்றார் நட்சத்திரம்மாள்.

“ஹீரோ மாட்டேங்கிறார். ‘நான் கதவைச் சாத்தினா என் ரசிகன் தியேட்டரைச் சாத்திடுவான்’ங்கிறார்.”

“நியாயந்தான். வேதத்துல என்ன இருக்கு?”

“கடவுளே சாத்தினார்னு இருக்கு.”

“அப்போ அவரைக் கூப்பிடுங்க.”

“அவர்கிட்ட கால்ஷீட் வாங்க முடியாதும்மா” என்றார் பரஞ்சோதி எரிச்சலோடு. “கம்ப்யூட்டர்ல பெரிய கை ஒண்ணு செஞ்சு வானத்துலேருந்து இறக்கலாம்னாங்க. செஞ்சு காட்டினாங்க. பல்பொடி விளம்பரம் மாதிரி இருக்கு.”

அம்மாள் சிரித்தார். சிரித்தபடியே முறத்தை அவர் பக்கம் தள்ளினார்.

பதில் தேடி வருகிறவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. வேலை கொடுப்பார். பத்தொன்பது வருஷம் கன்னியாஸ்திரீயாக இருந்தவர். ஆற்றங்கரைக் குடிசைகளை இடிக்க வந்த இயந்திரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அவர்களா, நாங்களா என்று மடம் கேட்டது. எழுந்து வந்துவிட்டார். இப்போது இந்தப் பாறைக்குன்றின் மேல், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கீழே வறண்ட ஏரி. ஏரிக்குள் பரஞ்சோதியின் பேழை, ஒட்டுப்பலகையால் செய்து கறுப்புக் கீல் பூசியது, மூன்று மாடி உயரத்துக்கு நின்றது.

பரஞ்சோதி கொஞ்ச நேரம் பொறுக்கினார். எழுந்தார். வாசல்வரை போய்ப் பேழையைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

“உட்காருங்க டைரக்டரே. தரை ஒண்ணும் சுடல.”

“நாளையோட ஹீரோ கிளம்பிடுவார். ஏரியில எடுக்கிற அனுமதியும் முடியுது. நான் எடுக்கலேன்னா, தயாரிப்பாளர் வேற ஆளை வெச்சு முடிச்சுப்பார். எப்படின்னும் சொல்லிட்டார்.”

“எப்படி?”

“காற்று வந்து சாத்துற மாதிரி.”

“நல்லாத்தானே இருக்கு? யார் மேலயும் பழியில்ல.”

பரஞ்சோதியின் முகம் சிவந்தது.

“காற்றா? பத்து வருஷம் முன்னாடி பட்டணத்துல ஏரி மதகை ஒரேயடியாத் திறந்துவிட்டு ஆற்றங்கரையை அடிச்சுட்டுப் போனப்பவும் இதைத்தாம்மா சொன்னாங்க. மதகுக்காரனைக் கேட்டா, இன்ஜினியர் சொன்னார். இன்ஜினியரைக் கேட்டா, மேலிடத்து உத்தரவு. மேலிடத்தைக் கேட்டா, மழை. நான் நோட்டீஸ் போட்டேன். ‘மதகைத் திறந்த கை எது?’ன்னு கொட்டை எழுத்துல போட்டேன். பத்தாயிரம் பிரதி.”

“பதில் கிடைச்சுதா?”

“வழக்குக் கிடைச்சுது.”

“இப்போ மட்டும் கிடைக்கணுமா?”

“இந்த ஒரு படத்துலயாவது கிடைக்கணும். இல்லேன்னா நான் இத்தனை வருஷம் கத்தினதெல்லாம் வெறும் கத்தல்.”

அம்மாள் முறத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். கல் அப்படியே கிடந்தது. பரஞ்சோதி கொள்ளைத்தான் பொறுக்கிப் போட்டிருந்தார்.

“நாளைக்கு நான் வரேன்” என்றார்.

மறுநாள் காலையிலேயே ஏரிக்குள் தண்ணீர் லாரிகள் வரிசையாக நின்றன. ஊரில் மழை பெய்து எட்டு மாதம். படத்தில் நாற்பது நாள் பெய்ய வேண்டும்.

பேழைக்கு வெளியே முந்நூறு பேர் சாக்கு உடுத்து நின்றார்கள். முழுகப்போகிறவர்கள். ஏஜென்ட் ஒருவர் பக்கத்துக் காலனியிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய தாளில் அவர்களுக்கு ‘கூட்டம்’ என்று பெயர்.

காமிரா பேழைக்குள் இருந்தது. திறந்த கதவின் வழியே கூட்டத்தைப் பார்த்தது. கதாநாயகன் கதவுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டிருந்தார். ரசிகர்களுக்காக.

காலையெல்லாம் மழையைச் சரிபார்த்தார்கள். பிற்பகலில் ஒத்திகை தொடங்கியது. லாரிக் குழாய்களிலிருந்து மழை கொட்டியது. கூட்டம் கதவை நோக்கி வந்தது. வந்து நின்றது. ஒருவரும் கத்தவில்லை, தட்டவில்லை. குழந்தை வைத்திருந்தவர்கள் குழந்தைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள்.

“கட்!” பரஞ்சோதி வெளியே ஓடினார். “என்ன இது? சாகப்போறீங்க! தட்டுங்க, சத்தம் போடுங்க! பிள்ளைகளை ஏன் தூக்குறீங்க, தேர்த் திருவிழாவா?”

முன்வரிசையில் நின்ற பெண் குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பெயர் செங்கேணி.

“தட்டிப் பாத்தாச்சு சார்.”

“எங்கே?”

“வெள்ளத்தன்னிக்கு. பெரிய வீடுங்க கேட்டை. தட்டத் தட்ட உள்ள இருக்கிறவங்களுக்குப் பயந்தான் ஜாஸ்தியாச்சு. அதனால தட்டுறத நிறுத்திட்டு, பிள்ளைங்கள தூக்கிக் காட்டினோம்.”

“திறந்தாங்களா?”

“லைட்ட அணைச்சாங்க.”

பரஞ்சோதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழை நின்றபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நீங்கள்லாம் எந்த ஊர்?”

“ஆத்தங்கரை சார். அள்ளிக்கிட்டு வந்து இங்க போட்டாங்க.”

“எந்த ஆத்தங்கரை?”

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

“நீங்க நோட்டீஸ் போட்டீங்களே, அந்த ஆத்தங்கரை.”

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் லாரியைக் காட்டினார். “இந்தத் தண்ணி எங்க காலனிக்கு வாரத்துல ஒரு நாள் வரும் சார். இன்னிக்கு மழையா வந்துடுச்சு.”

கூட்டம் சிரித்தது. பரஞ்சோதிக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாயிரம் பிரதி அச்சிட்டவருக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு முகம்கூடத் தெரிந்திருக்கவில்லை.

தயாரிப்பாளரின் ஆள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். “சார், வெளிச்சம் போகுது. காற்றையே வெச்சுக்கலாம். எல்லாம் ரெடி பண்ணிட்டோம்.”

நட்சத்திரம்மாள் அதுவரை ஒரு மூலையில், கட்டிப்போட்டிருந்த ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இப்போது முன்னால் வந்தார்.

“காற்றைக் கொஞ்சம் பாக்கலாமா?”

துணை இயக்குநர் சிபிக்குப் புரியவில்லை. அம்மாள் விடவில்லை. “ரெடின்னு சொன்னீங்களே. எங்க இருக்கு?”

சிபி தயங்கிக்கொண்டே பேழைக்குள் கதவை ஒட்டி நின்ற ஒரு பலகைத் தடுப்பைக் காட்டினான். அதன் பின்னால் ஓர் ஆள் குந்தியிருந்தான். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனை கதவின் உட்புறத்தில், காமிராவுக்குத் தெரியாத இடத்தில் கட்டியிருந்தது.

அவன் எழுந்து கும்பிட்டான்.

“நாந்தாம்மா காத்து.”

“பேரு?”

“எட்டியப்பன். செட் வேலை. பேய்ப் படத்துல ஜன்னல் அடிச்சுக்குமே, அது நான். சாமி படத்துல கோயில் கதவு தானா திறக்குமே, அதுவும் நாந்தான்.”

“அதுல உன்னைக் காட்டுவாங்களா?”

“காட்டினா சாமி எங்கேருந்து வரும்மா?”

செட்டில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அம்மாளும் சிரித்தார்.

“இன்னிக்கு யார் சொன்னா இழுப்பே?”

“சிபி சார் சொன்னா.”

அம்மாள் சிபியைப் பார்த்தார்.

“டைரக்டர் சார் சொன்னா நான் சொல்லுவேன்” என்றான் சிபி.

அம்மாள் பரஞ்சோதியைப் பார்த்தார்.

“எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல” என்றார் பரஞ்சோதி. “கதை அப்படி இருக்கு. நான் என்ன செய்ய முடியும்? மேலேருந்து…”

பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தச் சொற்களை அவர் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறார். மதகு அலுவலகத்தில், விசிறிக்குக் கீழே, ஒரு மேசைக்கு அந்தப் பக்கமிருந்து.

நட்சத்திரம்மாள் எட்டியப்பனின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். அதைப் பரஞ்சோதியின் கையில் வைத்தார். ஒட்டகத்துக்குப் பக்கத்தில் திரும்பப் போய் நின்றுகொண்டார்.

“சார், அது எட்டியப்பன் வேலை” என்றான் சிபி.

“நீ ஆக்‌ஷன் சொல்லு.”

“மானிட்டரை யார் பார்ப்பாங்க?”

“நீ பாரு. மழையை விடு.”

பரஞ்சோதி தடுப்புக்குப் பின்னால் குந்தினார். முட்டி இரண்டும் முறுக்கிக்கொண்டன. தடுப்பின் ஓரத்துச் சந்தில் வெளியே தெரிந்தது.

மழை கொட்டியது. கூட்டம் வந்தது. முன்போலவே நின்றது. சத்தமில்லை. குழந்தைகள் ஒவ்வொன்றாக மேலே உயர்ந்தன. ஒன்று விரல் சூப்பிக்கொண்டிருந்தது. ஒன்று மழைக்கு வாயைத் திறந்து வைத்திருந்தது.

“ஆக்‌ஷன்!”

அவர் இழுத்தார். கதவு நகர்ந்தது.

இப்படிக் கனக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. இத்தனை படங்களில் எத்தனையோ கதவுகளைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். ஒன்றையும் தொட்டதில்லை. கயிறு உள்ளங்கையை அறுத்தது. கதவுச் சந்து ஒடுங்க ஒடுங்க, முந்நூறு பேர் நூறானார்கள். நூறு பேர் பத்தானார்கள். பிறகு செங்கேணியும் அவள் தூக்கிய பிள்ளையும் மட்டும்.

கதவு நின்றுவிட்டது.

காலையிலிருந்து நனைந்ததில் ஒட்டுப்பலகை ஊதி, நிலைப்படியில் பிடித்துக்கொண்டது. அவர் பலம் கொண்ட மட்டும் இழுத்தார். ஈரக் கயிறு வழுக்கியது. கதவு அசையவில்லை. ஒரு சாண் சந்து மிச்சமிருந்தது. அதில் செங்கேணியின் கண்கள் இருந்தன. அவள் நடிக்கவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள், சாத்துவது யார் என்று.

அவர் கயிற்றை விட்டார்.

தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டினார். கதவின் விளிம்பைப் பற்றினார். புள்ளி விழுந்த, நரம்பு புடைத்த, பழைய கைவிலங்குத் தழும்போடு இருந்த கை. அந்தக் கையால் கதவைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கினார்.

“சார்!” மானிட்டருக்குப் பக்கத்திலிருந்து சிபி அலறினான். “சார், உங்க கை! ஃபிரேம்ல உங்க கை தெரியுது!”

“தெரியட்டும்” என்றார் பரஞ்சோதி.