மூன்று கரிக்கோடும் ஒரு தோணியும்

நண்டுப்பட்டித் துறையில் சுமை ஏற்றுகிறவர்கள் மூன்று பேர். அவர்களில் எசக்கிதான் கெட்டிக்காரன் என்று மற்ற இருவரும் சொல்வார்கள். மற்ற இருவரும் எப்படிப்பட்டவர்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எசக்கிக்குத் தோணிக்காரர் கொம்பையாவின் மகள் செண்பகம் என்றால் உயிர். அன்று காலையில் போய்ப் பெண் கேட்டே விட்டான், மகராசன்!

"இன்னைக்குச் சரக்கு ஒழுங்கா அக்கரைச் சந்தைக்குப் போய்ச் சேரட்டும், பொண்ணைத் தாரேன். மூணு பேரும் ஒரே தோணியில ஏத்துங்க. எவனாவது பாதியில கைவிட்டா, அவன் தொடங்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கி வச்சிரணும்" என்றார் கொம்பையா.

எப்படி இருந்தது என்று மறந்துபோனால்? எசக்கி யோசனை சொன்னான். சுமையை எடுக்குமுன் அவனவன், தோணியின் பக்கப் பலகையில், தண்ணீர் தொடும் இடத்தில், ஒரு கரிக்கோடு போட்டுக்கொள்ள வேண்டியது.

காலித் தோணியில் கோடு போட்டு எசக்கி கருப்பட்டி ஏற்றினான். தோணி கொஞ்சம் அமிழ்ந்ததும் பிச்சைமணி அதற்கு மேலே தன் கோட்டைப் போட்டுப் பானைகளை ஏற்றினான். பிறகு சுடலை இன்னும் மேலே கோடு போட்டு உப்பு மூட்டைகளை ஏற்றினான்.

அந்த நேரம் பார்த்துப் பானைக்காரர் வந்து, "என் பானை போகவேண்டாம்பா" என்றார். பிச்சைமணி பானைகளை இறக்கினான். அவன் கோடு தெரியவில்லை.

"இன்னும் தண்ணிக்குள்ளதான் கிடக்கு."

"அப்ப இன்னும் இறக்குலே" என்றான் எசக்கி.

கோடு தெரியும் வரை உப்பை இறக்கினார்கள். ஒரு மூட்டைகூட மிச்சமில்லை.

சுடலைக்கு முகம் வாடிப்போயிற்று. "என் உப்பெல்லாம் கரையில கிடக்கே! அப்ப நானும் கைவிட்டவன்தானே? என் கோடு மேல காயுது பாரு. தோணியை அமுக்கணும்."

"உப்பை ஏத்துவமா?" என்றான் பிச்சைமணி.

"கைவிட்டதை எப்படிலே ஏத்துறது?" என்றான் எசக்கி.

நியாயம்தானே! மூவரும் கூடிப் பேசி, தோணிக்குள் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினார்கள்.

"ஐயையோ, என் கருப்பட்டி!" என்று எசக்கி அலறியபோது பாதி கரைந்திருந்தது. அவனும் கைவிட்டான். அவன் கோடோ எல்லாவற்றுக்கும் கீழே. தேங்காய்ச் சிரட்டையை எடுத்துப் பாகை ஆற்றுக்குள் இறைக்க ஆரம்பித்தான். ஒரு பக்கம் சுடலை ஊற்ற, மறுபக்கம் எசக்கி இறைக்க, ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாமல் வேலை மும்முரமாக நடந்தது.

கொம்பையா வந்து பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏலேய், இனி கல்யாணப் பேச்சே கிடையாது!"

எசக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கட்டளை கட்டளைதான்.

"அப்ப அதுவும் பாதியில நின்னுபோச்சு மாமா. நான் பொண்ணு கேட்க வந்தப்ப நீங்க பாயில தூங்கிக்கிட்டு இருந்தீங்க."

மூவருமாக அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப்போய், பாயை விரித்துக் கிடத்தி, போர்வையைப் போர்த்தி, அவர் திமிறாமல் ஆளுக்கொரு பக்கம் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். திட்டித் திட்டிக் களைத்து ஒருவழியாக அவர் கண்ணை மூடினார்.

எசக்கி வெளியே போய்ச் சட்டையைச் சரிசெய்துகொண்டு கதவைத் தட்டினான்.

"மாமா, ஒரு நல்ல காரியமா வந்திருக்கேன்."