கால்மாடு

வெள்ளம் வடிந்த ஊரில் முதலில் காய்வது எது, சொல்லுங்கள் பார்ப்போம்? துணியா, சுவரா?

இரண்டும் இல்லை. பக்கத்து வீட்டுப் பேச்சு.

ஆற்று முகத்துவாரத்தில் பள்ளமாகக் கிடந்த அலவாய்ப்பட்டினத்திலும் அப்படித்தான். அங்கே நல்லசிவம் என்று ஒரு கணக்கு வாத்தியார். ஜாக்கி வைத்து வீடு தூக்கும் மேஸ்திரி தவமணியிடம் வந்தார். ஏழாம் வகுப்பில் அவரிடம் குட்டு வாங்கியவள் அவள்.

"தவமணி, என் வீட்டை நாலடி தூக்கிக் கொடு."

"உங்க தெருவுல எல்லாமே பொதுச்சுவர் சார். தெருவையே சேர்த்துத்தான் தூக்கணும்."

"தெரு கூடிப் பேசி முடிக்கறதுக்குள்ள அடுத்த மழை வந்துடும். என் வீட்டுக்காரி மரகதத்தால நடக்க முடியாது, தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்போ தொழிலைச் சொல்லிக் கொடு. நானே தூக்கிக்கறேன்."

அவள் சிரித்தாள்.

"காலைல ரேஷன் கடைக்கு வாங்க. பழைய வேட்டியா கட்டிக்கிட்டு வாங்க."

மறுநாள் ரேஷன் கடை அறுபது ஜாக்கிகளின் மேல் நின்றது. ஜாக்கிக்கு ஒரு ஆள். சாருக்கும் ஒன்று.

"விசில் ஊதினா எல்லாரும் ஒண்ணா ஜாக்கியைக் கால் சுத்து. அவ்வளவுதான் சார்."

விசில். கால் சுற்று.

விசில். கால் சுற்று.

இருபது விசில் ஆயிற்று. கடை ஒரு விரல்கூட எழும்பவில்லை. சார் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். ஒரு முழுச் சுற்று சுற்றினார்.

டப்.

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு கோடு ஓடியது.

இரண்டு விசில். அத்தனை கைகளும் நின்றன.

"யாருப்பா அது?"

சார் மெல்லக் கையைத் தூக்கினார்.

மேஸ்திரி வந்து பார்த்தாள்.

"குட்டவா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். நிமிர்ந்துதான் பார்க்கவில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கியைப் பழைய அளவுக்கு இறக்கினாள்.

"சார், வெள்ளத்தன்னிக்கு மரகதம் அம்மாவ எப்படி வெளியே கொண்டு வந்தீங்க?"

"கட்டிலோட. தலைக்கு மேல தூக்கி."

"ஒத்தையாவா?"

"நான் தலைமாட்டைப் பிடிச்சேன். பக்கத்து வீட்டு சந்தியாகு கால்மாட்டை."

"அவரு உங்களைவிட ஒரு முழம் ஒசரமாச்சே. கட்டில் சாயலியா?"

சார் ஜாக்கியிலிருந்து கையை எடுத்தார்.

சொன்னார்:

"குனிஞ்சுதான் நடந்தான். மூக்குல தண்ணி ஏற ஏற."

மேஸ்திரி எழுந்து போய் விசிலை வாயில் வைத்தாள்.

அன்று இருட்டும்வரை சார் கால் சுற்றுக்கு மேல் சுற்றவில்லை.

வேலை முடிந்ததும் சேறு பட்ட வேட்டியோடு நேராகச் சந்தியாகு வீட்டுக்குப் போனார். தண்ணீர் வடிந்த பிறகு அந்தக் கதவை அவர் தட்டியதே இல்லை.

சந்தியாகு கதவைத் திறந்தான். வாசல் நிலை தலையில் இடிக்காமல் இருக்க, பழக்கம்போலக் குனிந்தான்.

"என்ன சார்? அம்மாவுக்கு ஏதாவது..."

"அவ நல்லா இருக்கா. தெருவைக் கூட்டிப் பேசணும் சந்தியாகு. எனக்கு ஒத்தையா முடியாது. கால்மாட்டைப் பிடிச்சுக்கறியாப்பா?"