சிவப்பு நூலுக்கு மேலே நாலு விரல்

கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பாறைக்குழி அது. அங்கேதான் தெய்வானை குறி சுடக் கற்றுக்கொடுத்தார். பழைய மாதிரித் துப்பாக்கி. வாய்வழியாகக் கருமருந்தைப் போட்டு, ஈயக்குண்டைக் கோலால் அடிவரை தள்ளி, ஒரு தடவைக்கு ஒரே ஒரு வெடி வெடிக்கிற ரகம்.

தெய்வானைக்கு நாற்பது வயது. சீடர் செங்கோடனுக்கு ஐம்பத்தாறு. அவர் இவரை வாத்தியாரம்மா என்பார், இவர் அவரை அண்ணா என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் பஞ்சமில்லை.

செங்கோடன் ஜவுளிக்கடைக்காரர். ஊரில் யார் குரல் வேண்டுமானாலும் அவர் தொண்டையில் கிடைக்கும். பஸ் கண்டக்டர், மண்டப மேனேஜர், பல் டாக்டர், பல் டாக்டரின் மிஷின், எதுவும் பாக்கியில்லை. அதனால் அவர் வாயைத் திறக்குமுன்பே ஆட்கள் சிரித்துவிடுவார்கள். பெரியப்பா செத்த சேதியைச் சொன்னபோதும் சிரித்தார்கள்.

"ஒரே ஒரு தடவ, நாலு பேரு மூச்சப் புடிச்சுட்டு என்னயப் பாக்கோணுங்க." இப்படிச் சொல்லிக்கொண்டுதான் அவர் துப்பாக்கி கற்க வந்தார்.

முதல் நாள் கை நடுங்கி, பாதி மருந்து தரையில் கொட்டியது.

"இந்தப் பயம் எப்பங்க போகும்?"

"போன அன்னைக்கு வந்து சொல்லுங்க" என்றார் தெய்வானை.

மூன்று மாதம் போயிற்று. வருடாந்தரப் போட்டி வருகிற ஞாயிறு. வரிசையில் நிற்கப்போகிறவர்களின் பெயர் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது. ஆறாவது பெயர் செங்கோடன்.

வியாழக்கிழமை காலையில் அவர் துள்ளிக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரம்மா, போயிருச்சுங்க!"

"எதுங்க?"

"பயங்க. கையப் பாருங்க, கல்லாட்டம் நிக்குது."

தெய்வானை கையைப் பார்த்தார். பிறகு பலகைக்குப் போய், ஆறாவது பெயரைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தார்.

செங்கோடனுக்கு முகம் செத்துப்போனது. "ஏனுங்க, என்ன தப்புப் பண்ணுனேன்?"

"துப்பாக்கிய மருந்து போட்டுக் கெட்டிச்சு வெயுங்க. குறி அட்டை மாட்டிட்டு வர்றேன். அப்பறம் பேசிக்கலாம்."

சொல்லிவிட்டு அவர் குழியின் மறுகோடிக்கு நடந்தார்.

செங்கோடன் மேஜையடிக்குப் போனார். அங்கே இரண்டு ஜாடிகள். ஒன்றில் கடுகு மாதிரிப் பருமணி மருந்து, மற்றதில் கசகசா மாதிரிப் பொடிமணி மருந்து. அவருடைய துப்பாக்கிக்குக் கடுகுதான். கசகசா சட்டென்று பற்றும், சின்னக் கைத்துப்பாக்கிக்கு மட்டும் ஆகும். ஆனால் பயம்தான் போயிருச்சே! பெயரை அழித்த கோபமும் சேர்ந்துகொண்டது. கை தானாகக் கசகசாவுக்குப் போனது.

பாறைக்குழியில் சட்டம் ஒன்றே ஒன்று. துப்பாக்கி கெட்டிக்கிறவரிடம் யாரும் பேசக்கூடாது, அவரும் பேசக்கூடாது. ஆனால் வாத்தியாரம்மாவின் முகம் அந்தப் பக்கம் இருந்தது.

"ஏனுங்ணா," என்றார் கூடச் சுடக் கற்கும் ஐந்து பேரில் ஒருவர், "நம்ம பல் டாக்டரு கெட்டிச்சா எப்படியிருக்கும்?"

விடுவாரா? செங்கோடன் மூக்கை உறிஞ்சினார். பல் டாக்டர் வந்துவிட்டார்.

"வாயத் தொறங்க சார். இன்னும் கொஞ்சம். ஆங், வலிக்காது, எறும்பு கடிச்சாப்ல இருக்கும்." துப்பாக்கியின் வாயில் மருந்து இறங்கியது. குண்டு இறங்கியது. கோல் இறங்கியது. "அவ்வளவுதான் சார். துப்பிருங்க."

ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "ஐயோ, இன்னொரு தரமுங்ணா!"

பல் டாக்டர் இன்னொரு தரம் வந்தார்.

தெய்வானை திரும்பி வந்தபோது செங்கோடன் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறிபார்த்து நின்றார். துப்பாக்கியின் பக்கவாட்டில் பொட்டு மாதிரி ஒரு செப்புக் கேப்பு. சுத்தியல் மாதிரி இருக்கிற குதிரை அதன்மேல் விழுந்தால் நெருப்பு பொடித்துளை வழியே உள்ளே போகும்.

விசையை இழுத்தார்.

டப்.

கேப்பு மட்டும் வெடித்தது. வேறொன்றும் இல்லை.

ஐந்து பேரும் சிரித்தார்கள். "பாரு, வாயிலயே வெடிச் சத்தம் உடறாரு!"

"எறக்காதீங்க" என்றார் தெய்வானை.

மெதுவாகத்தான் சொன்னார். செங்கோடனுக்குப் புரிந்தது. நெருப்பு உள்ளே போயிருக்கலாம். ஓரத்தில் எங்கேயோ புகைந்துகொண்டிருக்கலாம். எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம்.

"எல்லாரும் மண்மூட்டைக்குப் பின்னால போயிருங்க. யாரும் வாயத் தொறக்காதீங்க."

போனார்கள். தெய்வானை போகவில்லை. செங்கோடனுக்கு இடது பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றார்.

"குறியிலயே இருங்கண்ணா. எரநூறு எண்ணுங்க."

"ஒண்ணு… ரெண்டு…" குரல் ஆடியது. மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. பயந்தாங்கொள்ளி மாதிரி நடிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். தெய்வானை திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"எந்த ஜாடிங்க?"

"பதினாலு… பதினஞ்சு…"

"எந்த ஜாடி?"

"கசகசாங்க."

தெய்வானை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எத்தன கரண்டிங்க?"

"ஒண்ணுங்க." பிறகு, "ஒண்ணுன்னுதான் நெனைக்கறனுங்க."

"கோல்ல சிவப்பு நூல் எங்க நின்னுச்சு?"

தள்ளுகோலில் ஓர் இடத்தில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். சரியாகக் கெட்டித்திருந்தால் நூல் துப்பாக்கி வாயோடு ஒட்டி நிற்கும். மூன்று மாதமாக ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்த நூல்.

"பாக்கலீங்க."

சொன்னதும்தான் உறைத்தது. இன்னொரு தரமுங்ணா என்றார்களே! வாய் இன்னொரு தரம் சொன்னது, நிச்சயம். கை? கை சும்மா இருந்ததா, அதுவும் இன்னொரு தரம் செய்ததா? கன்னம் இரும்புக்குப் பக்கத்தில் இருந்தது. கண் இன்னும் பக்கத்தில்.

"வாத்தியாரம்மா, உள்ள சுர்ருங்குதுங்க."

"உங்க மூச்சுங்க அது. எண்ணுங்க."

"அறுவத்தி ஒண்ணு… நீங்க அக்கட்டால போயிருங்க. நான் ரெண்டு தடவ போட்டிருந்தாலும் போட்டிருப்பேனுங்க. குழல் பொளந்துக்கும். போங்க தாயி."

"நான் சொல்லிக்குடுத்த கைங்க. எண்ணுங்க."

வியர்வை இமையில் இறங்கியது. துடைக்க முடியாது. மூட்டைக்கு மேலே ஐந்து தலைகள். ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். அவர் கேட்டது அப்படியே கிடைத்திருந்தது.

நூறு. நூற்று ஐம்பது. அதற்கு மேல் அவர் எந்த எண்ணையும் யார் குரலிலும் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"எரநூறு" என்றார் தெய்வானை.

வெடித்த கேப்பை நகத்தால் நெம்பி எடுத்தார். துளையில் ஊசியை விட்டார். ஊசி நுனியில் கெட்டிக் கரி வந்தது. நேற்றுச் சுட்டதன் அழுக்கு. அதுதான் நெருப்பை உள்ளே விடாமல் அடைத்திருந்தது.

"தொடைக்கலீங்களா?"

"இல்லீங்க." செங்கோடன் ஊசி நுனியைப் பார்த்தார். "அதையும் மறந்ததாலதான் பொழச்சனா?"

தெய்வானை துப்பாக்கியை வாங்கி நிறுத்தி, முகத்தை விலக்கிக்கொண்டு, கோலை மெதுவாக உள்ளே விட்டார். கோல் நின்றது.

சிவப்பு நூல் துப்பாக்கி வாய்க்கு மேலே, நாலு விரல் உயரத்தில் நின்றது.

பிறகு துளை வழியாகவும் வாய் வழியாகவும் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டார். திருகாணி மாட்டிய கோலைப் போட்டுத் திருகி இழுத்தார். ஒரு குண்டு வந்தது. கரிச்சேறு வந்தது. மறுபடி திருகி இழுத்தார். இன்னொரு குண்டு வந்தது. இன்னும் சேறு.

இரண்டு குண்டையும் செங்கோடனின் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் குண்டுகளைப் பார்த்தார். பிறகு சொன்னார். "என்ற பேரு அழிச்சது அழிச்சதாவே இருக்கட்டுங்க. ஞாயித்துக்கெழம நான் வல்லீங்க. இனி என்னால ஆகாது."

"ஏனுங்ணா?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். கை நடுங்கிய நடுக்கத்தில் ஈயக்குண்டுகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன.

மூட்டைக்குப் பின்னால் யாரும் சிரிக்கவில்லை.

தெய்வானை பலகைக்குப் போனார். ஆறாவது இடம் காலியாக இருந்தது. திரும்பி வந்து, அந்த உள்ளங்கையிலிருந்து குண்டுகளை எடுத்துக்கொண்டு, சாக்பீஸை வைத்தார்.

"அந்தக் கையிலயே எழுதுங்கண்ணா."