மூக்குப்பொடி கலந்த பாட்டு

மருதங்கோட்டையை வீரமல்ல பூபதி ஆண்ட காலத்தில், அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தைக்குத் தடை இருந்தது. அது கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ‘ஏன்’ என்கிற வார்த்தைதான்.

தடையைக் கொண்டுவந்தவர் ராஜகுரு திருமேனிப் பண்டிதர். அதற்கு முன்பு வைரவநாதர் என்றொருவர் அங்கே பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். மழை ஏன் பெய்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய பொழுதே அந்தப் பேச்சில் போய்விடும். பண்டிதர் இதை மன்னரின் காதில் போட்டார். இன்றைக்கு மழை ஏன் என்று கேட்கிற பிள்ளைகள், வளர்ந்ததும் வரி ஏன் என்று கேட்பார்கள் என்றார். மன்னருக்கு வியர்த்துவிட்டது. மறுநாளே வைரவநாதரின் வேலை போயிற்று. மூட்டை முடிச்சுகளோடு அவர் மாமனார் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

பண்டிதரின் முறையே வேறு. கண்களை மூடிக்கொண்டு பாடத்தை ஒரே தடவை சொல்வார். பிள்ளைகள் அதை வீட்டில் உருப்போட்டு வந்து, அவர் வாயிலிருந்து வந்தபடியே ஒப்பிக்க வேண்டும். ஓர் எழுத்துக் குறைந்தாலும் பிரம்படி. கேள்வி கேட்டாலும் பிரம்படி.

அரசவை விகடகவி செவ்வந்தியப்பருக்கு இது பொறுக்கவில்லை. வைரவநாதர் அவருடைய சிநேகிதர். இப்படியே போனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பதில் கிளிகளை உட்கார வைக்கலாம், தீனிச் செலவாவது குறையும் என்று சபையிலேயே சொல்லிவிட்டார்.

மன்னருக்கு முகம் சிவந்தது.

“வருகிற பௌர்ணமிக்கு வெள்ளாற்றூர் அரசர் விருந்துக்கு வருகிறார். நம் பிள்ளைகள் அவர் முன்னால் என்னைப் புகழ்ந்து பாடப் போகிறார்கள். கேள்வி கேட்பதால் என்ன லாபம் என்று அதற்குள் எனக்குக் காட்டு. முடியாவிட்டால் அந்த மீசையை வழித்துக்கொண்டு உன் சிநேகிதன் போன வழியே நீயும் போ” என்றார்.

செவ்வந்தியப்பரின் மீசை சாதாரண மீசை இல்லை. தினமும் அதற்கு நெய் தடவி, முறுக்கிவிட்ட பிறகுதான் அவர் காப்பாற்ற வேண்டிய மற்ற விஷயங்களைப் பற்றி யோசிப்பார். அன்று அதைத் தடவிக்கொண்டே வீடு வரை நடந்தார். வாசலை மிதிக்கும்போது ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் கடைத்தெருவுக்குத் திரும்பினார்.

பௌர்ணமிக்கு முதல் நாள், பண்டிதர் வாழ்த்துப்பாட்டைச் சொல்லிக்கொடுக்க உட்காரும் நேரத்தில், செவ்வந்தியப்பர் கையில் ஒரு வெள்ளிச் சிமிழோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார். உள்ளே புதிதாக அரைத்த காரமான மூக்குப்பொடி. ஆள் சமாதானம் பேச வந்திருக்கிறான், மீசைப் பயம் வந்துவிட்டது என்று பண்டிதர் மகிழ்ந்துபோனார். பொடி என்றால் அவருக்கு உயிர். ஒரு சிட்டிகைக்கு இரண்டு சிட்டிகையாக உறிஞ்சிவிட்டு, கண்களை மூடிப் பாட்டை ஆரம்பித்தார். செவ்வந்தியப்பர் நல்லபிள்ளையாக வெளியே வந்துவிட்டார். அவர் தெருமுனை திரும்பும் வரை பண்டிதரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பாட்டு மட்டுமில்லை, வேறு சத்தங்களும் கேட்டன.

விருந்துக்கு முன்னால் பிள்ளைகளை ஒருமுறை பாடவைத்துப் பார்க்கலாமே என்று மந்திரி சொன்னதற்கு, என் மாணவர்களைச் சந்தேகிப்பது என்னையே சந்தேகிப்பது போல என்று பண்டிதர் கோபித்துக்கொண்டார்.

பௌர்ணமியும் வந்தது. வெள்ளாற்றூர் அரசர் மன்னருக்குப் பக்கத்தில் அமர்ந்தார். பிள்ளைகள் கைகட்டி வரிசையாக நின்று, ஒரே குரலில் பாடினார்கள்:

“மன்னர் மன்னா, மாவீரா, அச்!
ஒரே அம்பில் ஏழு புலி, அச், அச், வீழ்த்தியவா!
உன் திருமுகம் கண்டாலே, ஐயோ, மூக்கெல்லாம் எரிகிறதே!
எங்கள் நாட்டை ஆள வந்தது, எந்தக் கழுதை அரைத்த பொடி இது!
வாழ்க வாழ்க, தண்ணீர் கொண்டு வா, சீக்கிரம் வா!”

ஒரு தும்மல்கூடப் பிசகவில்லை. எல்லாரும் ஒன்றாகத் தும்மினார்கள், ஒன்றாக மூக்கைத் தேய்த்தார்கள்.

வெள்ளாற்றூர் அரசருக்குச் சிரிப்பில் புரையேறியது. அவருடைய சேனாதிபதி தூணைப் பிடித்துக்கொண்டார். பண்டிதர் நின்ற இடம் காலியாக இருந்தது. சிம்மாசனத்துக்குப் பின்னால் அவருடைய அங்கவஸ்திரத்தின் நுனி மட்டும் தெரிந்தது.

மன்னர் முன்வரிசையில் நின்ற அங்கயற்கண்ணி என்ற சிறுமியை அழைத்தார். வாழ்த்துப்பாட்டில் கழுதை வருகிறதே, அது உனக்கு விநோதமாகத் தோன்றவில்லையா என்றார்.

“தோன்றியது அரசே. எல்லாருக்குமே தோன்றியது. ஆனால் கேட்டால் அடிப்பார்களே” என்றாள் அவள்.

மன்னர் மெல்லத் திரும்பி, பண்டிதருக்கு அந்தப் பொடியைக் கொடுத்தது யார் என்று விசாரித்தார்.

செவ்வந்தியப்பர் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டு முன்னால் வந்தார்.

“அடியேன்தான் அரசே. பண்டிதர் மூக்கில் பொடியைப் போட்டது நான். உங்கள் பாட்டில் அதைப் போட்டது அவருடைய முறை.”

மன்னர் அவரை முறைத்துப் பார்த்தார். முறைக்க முறைக்க உதடு துடித்தது. கடைசியில் தொந்தி குலுங்கச் சிரித்தே விட்டார். வைரவநாதரை அழைத்துவர அங்கேயே பல்லக்கு கிளம்பியது. செவ்வந்தியப்பரின் மீசைக்கு மாதம் ஒரு குடம் நெய் என்று உத்தரவாயிற்று. இனிமேல் யார் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இப்போதே கேட்கலாம் என்று மன்னர் பெருந்தன்மையாகக் கையை விரித்தார்.

அங்கயற்கண்ணி உடனே கை தூக்கினாள்.

“ஒரே அம்பில் ஏழு புலி எப்படி அரசே செத்தன? எல்லாம் வரிசையாக நின்றனவா?”

வெள்ளாற்றூர் அரசர் ஆவலாக முன்னால் சாய்ந்தார். மன்னர் தொண்டையைக் கனைத்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் செவ்வந்தியப்பரைப் பார்த்தார். செவ்வந்தியப்பர் தம் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செவ்வந்தியப்பா,” என்றார் மன்னர் தாழ்ந்த குரலில், “அந்தப் பொடி இன்னும் கொஞ்சம் இருக்கிறதா? எனக்கு உடனே தும்ம வேண்டும்.”