முதுகுக்குப் பின்னால் கூகைமலை

"எனக்குப் பின்னால இருக்குற மலையை வரைஞ்சு தர முடியுமாம்மா?"

தோழர் ராக்கப்பன் புகைப்படத்தை மேசைமேல் வைத்தார்.

ஜெசிந்தா எடுத்துப் பார்த்தாள். அவர் வயதில் பாதிகூட ஆகாதவள். காட்டையும் குளத்தையும் படம் பிடித்துச் சொரசொரப்பான தாளில் அச்செடுப்பாள். கேமரா பார்த்ததைத் தொடமாட்டாள். அது பார்க்கத் தவறியதைப் பேஸ்டல் வண்ணக் கட்டியால் வரைந்து, விரலால் தேய்த்துச் சேர்ப்பாள்.

படத்தில் ராக்கப்பன் மட்டும் நின்றார். கையில் மெகாபோன். திறந்த வாய். இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் பாறை தெரிந்தது. உச்சி முழுக்க அவர் தலைக்குப் பின்னால்.

"மலையை மட்டும் எடுத்த படம் இல்லையா ஐயா?"

"இதுதான் மிச்சம்."

கூகைமலையில் மிச்சம் எதுவுமில்லை. பத்தொன்பது வருஷத்தில் குவாரிக்காரர்கள் வெட்டி முடித்துவிட்டார்கள். கடைசிப் பாறை லாரி ஏறி எட்டு மாதம் கழித்து நீதிமன்றம் தடை கொடுத்தது. இப்போது அங்கே பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம். மாலையில் ராக்கப்பன் அதன் விளிம்பில் போய் உட்கார்ந்திருப்பார். மலையைக் காக்க ஆரம்பித்த சங்கத்தில் ஒரு கொடியும் அவரும்தான் பாக்கி. கொடி பேசாது.

"உச்சி எப்படி இருக்கும்? சொல்லுங்க, வரையுறேன்."

"சர்வே எண் இருநூத்திப் பதினாலு. நூத்திப்பத்து ஏக்கர். தொண்ணூத்தியேழுல முதல் மனு கொடுத்தோம்."

"உச்சி?"

"உயரமா இருக்கும்."

"கூராவா, மொட்டையாவா?"

ராக்கப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நிறம்?"

"கல்லு நிறம்தான். இது என்னம்மா கேள்வி?"

"காலையிலயா, சாயங்காலமா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பத்தொன்பது வருஷம் அந்த மலைக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். ரெண்டு தடவை ஜெயிலு. என்கிட்டயா மலையைப் பத்திக் கேக்குற?"

"எந்தப் பக்கம் பாத்துக் கத்துனீங்க ஐயா?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்று நாள் மலையைத் தேடினார். கண்ணை மூடினால் கூட்டம்தான் வந்தது. முன்வரிசை முகங்கள் ஒவ்வொன்றும் துல்லியமாக வந்தன. அத்தனை பேரும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததாக அதுவரை நினைத்திருந்தார்.

அந்த முகங்களில் பாதி செத்துப்போயின. பாதி திருப்பூர் போயின. ஊரில் இருந்தது ஒன்றே ஒன்று. சேவுகன்.

சேவுகனின் மகன் குவாரி லாரி ஓட்டப் போனபோது, 'துரோகி' என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் அடித்தவர் ராக்கப்பன். அன்றிலிருந்து பதினோரு வருஷம் பேச்சில்லை.

கதவைத் தட்டினார்.

"என்ன, புது நோட்டீஸா?" என்றார் சேவுகன்.

"இல்ல. ஒண்ணு கேக்கணும். கூகைமலை உச்சி எப்படிப்பா இருக்கும்?"

சேவுகன் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு எதிரில் நின்ற முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நீ பேசுனதை நான் எங்க கேட்டேன்? மலையைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அடைகாக்குற கோழி கணக்கா குந்தியிருக்கும். மழை பேஞ்ச மறுநா, யானைத்தோல் நிறம். பொழுது சாயையில கழுத்து மட்டும் செவந்து வரும். அப்பத்தான் நீ 'இறுதியாக'ன்னு ஆரம்பிப்பே. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம்."

சேவுகன் உள்ளே கூப்பிடவில்லை. ராக்கப்பன் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஜெசிந்தாவிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார்.

அவள் புகைப்படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து வைத்திருந்தாள். கேட்டுக்கொண்டே வரைந்தாள். இரண்டு பக்கச் சரிவும் மெல்ல மேலேறின. படத்திலிருந்த அவருடைய தோளருகே வந்து நின்றன.

"மிச்சம் எங்கம்மா?"

"அங்க நீங்க நிக்கிறீங்க. கேமரா பாத்ததை நான் தொடமாட்டேன்."

பேஸ்டல் பெட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, கை கழுவப் போனாள்.

 ராக்கப்பன் யானைத்தோல் நிறக் கட்டியை எடுத்தார். நாற்பது வருஷம் சுவரெழுதிய கை. 

படத்தில் திறந்திருந்த தன் வாயிலிருந்து பூச ஆரம்பித்தார்.