கீழ்நத்தம், மணி சரியாக ஒன்பது

மட்டிப்பாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லமாட்டேன், எனக்கு எதற்கு வம்பு? சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜனங்கள், அவ்வளவுதான். அந்த ஊருக்கு ஜப்பான்காரர் ரயில் விட வந்த கதையைக் கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

ஊருக்கும் பக்கத்து ஊரான கீழ்நத்தத்துக்கும் ஒன்பது கிலோமீட்டர். ஊர் எல்லையில் ஒரு ரயில்வே கேட். சரக்கு வண்டிக்காக அதைப் பதினெட்டு வருஷமாகத் திறந்து மூடியவர் செங்கல்வராயன். ஒரு கையில் பச்சைக்கொடி, மறு கையில் சிவப்புக்கொடி, மனசுக்குள் ஒரே ஒரு ஆசை: டிரைவர் தொப்பி.

இவாசே என்ற ஜப்பான் இன்ஜினியர் வந்து, "உள்ளூர் ஆளே ஓட்டட்டும்" என்று நீலத் தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தபோது மனுஷன் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். அதற்கப்புறம் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று அவர் மனைவி செண்பகவல்லி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

"ஒரு நிபந்தனை," என்றார் இவாசே. புத்தகம் பார்த்துத் தமிழ் கற்றவர், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித்தான் பேசுவார். "திறப்பு விழாவன்று நான் கீழ்நத்தத்தில் காத்திருப்பேன். எட்டே முக்காலுக்குப் புறப்பட்டு, சரியாக ஒன்பதுக்கு நீங்கள் கீழ்நத்தத்தில் இருக்க வேண்டும். தாமதம் எங்கள் நாட்டில் பெரிய அவமானம். ஒரு நிமிஷம் தாமதித்தாலும், தாமதித்தவர் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு கேட் வேலைக்குப் போக வேண்டும். யாராக இருந்தாலும் சரி."

செங்கல்வராயன் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.

ஜப்பானில் ரயில் செய்வதற்கு முன்னால், அதே அளவில் மரத்தில் ஒரு மாதிரி செய்து ஜனங்களை உட்காரவைத்துப் பார்ப்பார்களாம். இருபது நாளில் ஊர்த் தச்சர் தங்கமாசாரி ஒரு மர ரயில் செய்து பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தினார். சக்கரம் கிடையாது. "நிஜமாகவே கீழ்நத்தம் போவதாக நினைத்து உட்காருங்கள். குறை இருந்தால் சொல்லுங்கள்," என்றார் இவாசே.

ஊரே தூக்குவாளியும் துணிமூட்டையுமாக வந்து ஏறியது. ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரம் போயிற்று.

"குலுக்கலே இல்லையப்பா!"

"சத்தம்கூட இல்லை. வழுக்கிக்கிட்டுப் போகுது."

"அதை விடுங்க," என்றார் ஊர்த் தலைவர் சொக்கையா, ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தவர். "அந்தச் செவலை மாட்டைப் பாருங்க. கிளம்பினதிலிருந்து நம்ம கூடவே ஓடி வருது, அதுவும் மேய்ஞ்சுக்கிட்டே!"

இவாசே நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரே ஒரு குறைதான் வந்தது: இன்னும் கீழ்நத்தம் வரவில்லை. வராமல் இறங்க மாட்டோம் என்று அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். பொழுது சாயப்போகிற நேரத்தில் தங்கமாசாரி ஒரு பலகையில் சுண்ணாம்பால் 'கீழ்நத்தம்' என்று எழுதி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று எல்லாரும் இறங்கி, மைதானத்து ஓரத்தில் கத்திரிக்காய் வாங்கினார்கள். என்ன இருந்தாலும் கீழ்நத்தத்துக் கத்திரிக்காயின் ருசி நம் ஊரில் வருமா என்று ரெண்டு நாள் பேசிக்கொண்டார்கள்.

பிறகு நிஜ ரயில் வந்தது. வெள்ளி நிறம், தானாகத் திறக்கிற கதவு. கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் சொக்கையா அதற்குக் கும்பிடு போட்டார்.

செங்கல்வராயனுக்கு இவாசே ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். கடைசியாக ஒரு விதியும் சொன்னார். ஜப்பான் டிரைவர்கள் எல்லாரும் செய்வதுதான். "வழியில் கண்ணில் படுவதை விரலால் சுட்டிக் காட்டுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன்பின் நகருங்கள். தவறே நடக்காது." அவர் சிக்னலைத்தான் சொன்னார். ஆனால் சிக்னலை என்று சொல்லவில்லையே!

மறுநாள் ஒத்திகை. செங்கல்வராயன் கம்பீரமாக விரலை நீட்டினார்.

"சிக்னல், பச்சை!"

வண்டி நகர்ந்தது.

"பனைமரம்!" நின்றது. நகர்ந்தது. "இன்னொரு பனைமரம்!" நின்றது. நகர்ந்தது. "வெள்ளாடு! ரெண்டு! மூணு!"

"பின்னாடி ஒரு குட்டி நிக்குதே, அதை விட்டுட்டியேப்பா," என்றார் பக்கத்தில் இருந்த சொக்கையா.

"குட்டி!"

இரண்டு மணி நேரத்தில் கேட்டைத் தாண்டி நூறு அடி போயிருந்தார்கள். செங்கல்வராயனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "என் தொப்பி போச்சு தலைவரே," என்று அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

உடனே தண்டவாளத்தின் மேலேயே ஊர்க்கூட்டம் கூடியது.

"பனைமரத்தை எல்லாம் வெட்டிட்டா?" என்றார் சொக்கையா.

"வெட்டின அடிக்கட்டை கண்ணில் படும். அதையும் சொல்லணும்," என்றார் செங்கல்வராயன்.

"அப்ப உன் கண்ணைக் கட்டிடுவோம்."

செங்கல்வராயன் கண்ணை மூடிப் பார்த்தார். "இருட்டு கண்ணில் படுமே தலைவரே. இருட்டைக் காட்டணும்னா எந்தப் பக்கம் விரலை நீட்டுறது?"

ஆளாளுக்கு ஒரு பக்கம் விரலை நீட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் தங்கமாசாரி தொண்டையைச் செருமினார். "மர ரயில்ல என்ன நடந்துச்சு? பலகையைக் காட்டினதும் கீழ்நத்தம் வந்துச்சா இல்லையா?"

கூட்டம் வாயைப் பிளந்தது.

"அப்புறம் என்ன? கீழ்நத்தம் ஸ்டேஷனுக்கு மரப்பலகை செஞ்சு நட்டதே நான்தான். போய்ப் பிடுங்கிட்டு வரேன். வண்டியிலேயே வெச்சுக்குவோம். ஒன்பது எங்கே அடிக்குதோ அங்கே நட்டுடுவோம்."

அட, என்ன மூளை! தங்கமாசாரியைத் தோளில் தூக்கிக்கொண்டே ஊருக்குள் போனார்கள்.

திறப்பு விழா நாள். இவாசே வெள்ளைத் தொப்பியும் கோட்டுமாக, கடிகாரத்தைப் பார்த்தபடி கீழ்நத்தம் மேடையில் நின்றார். இங்கே எட்டே முக்காலுக்கு வண்டி புறப்பட்டது. கேட்டைத் தாண்டி, நாலு பனைமரமும் ஒரு கழுதையும் சொல்லி முடித்தபோது மணி ஒன்பது.

"நிறுத்து!"

தங்கமாசாரி குதித்து, முள்ளுக்காட்டுக்கு நடுவில் பலகையை நட்டார். செங்கல்வராயன் விரலை நீட்டினார். "கீழ்நத்தம்! மணி ஒன்பது!" ஜனங்கள் கைதட்டிக்கொண்டு இறங்கினார்கள். செண்பகவல்லி முள்ளுக்காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கீழ்நத்தம் இப்பல்லாம் ரொம்பக் காலியாயிடுச்சு," என்றாள்.

ஒரே ஒரு ஆள்தான் வரவில்லை.

"கீழ்நத்தத்தில் காத்திருப்பேன்னு அவர் வாயாலதானே சொன்னாரு?" என்றார் சொக்கையா. "என்ன மனுஷன்!"

பத்தே முக்காலுக்கு, தண்டவாளத்தின் வழியாக ஒரு உருவம் நடந்து வந்தது. கையில் கோட்டு, சட்டை தொப்பலாக நனைந்து, முகம் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து. செங்கல்வராயன் விரலை நீட்டினார்.

"ஜப்பான் இன்ஜினியர்! ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம்!"

இவாசே பலகையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். பலகை கீழ்நத்தம் என்றது, கடிகாரம் பத்தே முக்கால் என்றது. இரண்டிலும் எழுத்துப்பிழை இல்லை. பிறகு, அவர் ஊர்ப் பழக்கம் போகுமா, இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

"போனாப் போகுது, முதல் தடவைதானே," என்றார் சொக்கையா.

"நானும் விட்டுடலாம்னுதான் பார்த்தேன் தலைவரே." செங்கல்வராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆனா யாராக இருந்தாலும் சரின்னு அவரே சொல்லியிருக்காரே."

தனக்குத் தேவைப்படுமோ என்று மடித்து எடுத்து வந்திருந்த பச்சைக்கொடியையும் சிவப்புக்கொடியையும் எடுத்து, இவாசேயின் கையில் மரியாதையாகக் கொடுத்தார். வெள்ளைத் தொப்பியை வாங்கிக்கொண்டார். "கேட் பக்கத்துலதான் இருக்குங்க ஐயா. மத்தியானச் சாப்பாடு செண்பகம் கொண்டாந்து குடுத்துரும்," என்று ஆறுதலும் சொன்னார்.

சாயங்காலம் வண்டி திரும்பியது. தலையில் நீலத் தொப்பி, அதற்கு மேல் வெள்ளைத் தொப்பி. கேட் வந்ததும் செங்கல்வராயன் வண்டியை நிறுத்திப் பார்த்தார். இவாசே விறைப்பாக நின்று பச்சைக்கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். செங்கல்வராயன் விரலை நீட்டினார்.

"பச்சைக்கொடி! புது கேட்காரர்! இந்தத் தடவை நேரத்துக்கு வந்துட்டாரு!"

வண்டி நகர்ந்தது.